இஞ்ச் டேப்புடன் சென்னைக்கு!

மெட்ராஸ் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். மெரினா பார்த்தோம், கபாலீஸ்வரரைத் தரிசித்தோம், தி.நகரில் புடவை எடுத்தோம் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். "எத்தனை படி ஏறினீங்க?" என்று கேட்டால் விழிப்பார்கள். கால் நன்றாக இருப்பவர்களுக்குப் படி கண்ணில் படுவதே இல்லை, சகோதரிகளே!

என் நாத்தனாருக்கு ஒவ்வொரு படியும் மனப்பாடம். தபாலாபீசுக்கு மூன்று, பாங்க்குக்கு ஐந்து, பிள்ளையார் கோயிலுக்கு இரண்டு, அதில் இரண்டாவது படி உயரம் ஜாஸ்தி... இப்படி ஊர் முழுவதையும் படிக் கணக்கிலேயே சொல்லுவார்.

அவருக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. இப்போது ஐம்பத்திரண்டு. சின்ன வயதில் காலில் இரும்புப் பட்டையும் கையில் ஊன்றுகோலுமாக நடந்தவர்தான். வருஷக்கணக்காக உடம்பின் பாரத்தைத் தாங்கித் தாங்கித் தோள்பட்டை தேய்ந்துவிட்டதால், ஏழு வருஷமாகச் சக்கர நாற்காலி. தையலில் மகா கெட்டிக்காரர். மோட்டார் வைத்த மிஷினில் அவர் தைக்கும் ரவிக்கைக்கு எங்கள் தெருவே காத்திருக்கும். கழுத்தில் எப்போதும் ஒரு இஞ்ச் டேப் தொங்கும்.

நம் நாட்டில் கடைசியாகக் காட்டுப் போலியோ கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014 மார்ச்சில் இந்தியா அடங்கிய தென்கிழக்கு ஆசியப் பகுதிக்கே போலியோ இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. சந்தோஷமான சமாசாரம்தான். ஆனால் அதற்கு முன் அந்த நோய் தொட்டுவிட்டுப் போனவர்கள் நம்மோடுதானே வாழ்கிறார்கள்? அவர்களுக்கும் கல்யாணம், கோயில், கடைத்தெரு எல்லாம் உண்டே!

அண்ணி வெளியே வராத கதை

ஐந்து வருஷத்துக்கு முன் என் கடைசிக் கொழுந்தனாருக்குக் கல்யாணம். மூன்றாவது முடிச்சு போட வேண்டியது நாத்தனார் உரிமை அல்லவா! மண்டபத்தின் மணமேடையோ இரண்டரை அடி உயரம். நாலு பேர் ஓடி வந்து அண்ணியை நாற்காலியோடு தூக்கினார்கள். ஒரு பக்கம் சாய்ந்தது. 'ஐயோ, பிடி பிடி' என்று கூச்சல். நாதஸ்வரம் நின்றுவிட்டது. மண்டபமே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. புடவைக் கொசுவம் நழுவியதைக்கூடச் சரி செய்ய முடியாமல், இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

முடிச்சைப் போட்டார். சிரித்தார். வீட்டுக்கு வந்தார். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்கும் அவர் வாசல் தாண்டவில்லை.

இப்போது என் மகளுக்குத் தை மாதத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அண்ணி அன்றே சொல்லிவிட்டார்: "ரவிக்கை எல்லாம் நான் தைச்சுத் தரேன். கல்யாணத்தை வீடியோவில பார்த்துக்கறேன்." என் மகளா விடுவாள்? "அத்தை இல்லாம எனக்குக் கல்யாணமே வேணாம்" என்று ஒரே பிடிவாதம். சென்னையில் வேலை பார்க்கிறவள் அவள். ஒரு நாள் போனில், "அத்தை, ஒருத்தரும் தூக்காம கடல் பக்கத்துல போற இடம் ஒண்ணு இருக்கு. வந்து பாருங்க. அதுக்கப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசுவோம்" என்றாள்.

அண்ணி ஒரு வாரம் யோசித்தார். பிறகு, "எத்தனை படி?" என்று கேட்டார். "ஒண்ணுகூட இல்லை" என்றாள். அப்படித்தான் கிளம்பினோம். அண்ணி, நான், இவர், அண்ணியின் இஞ்ச் டேப்!

மெட்ரோ ரயிலில்

அசோக் நகரில் தரைத்தளத்தில் இருக்கும் என் தம்பி வீட்டில் தங்கினோம். 2015 ஜூன் மாதம் சென்னையில் முதன்முதலாக மெட்ரோ ரயில் ஓடிய பாதையில்தான் அசோக் நகர் ஸ்டேஷனும் இருக்கிறது. தண்டவாளம் தலைக்கு மேலே பாலத்தில் ஓடுகிறது. அண்ணி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுகூடப் படி இல்லையாமா?" என்று என்னைப் பார்த்தார். லிப்ட் இருக்கிறது. பட்டன்கள் உட்கார்ந்த கைக்கு எட்டும் உயரத்தில், பார்வையில்லாதவர்கள் தடவிப் படிக்கிற பிரெயில் புள்ளிகளோடு. டிக்கெட் காட்டி நுழையும் கதவுகளில் ஒன்று மட்டும் அகலமாக இருக்கிறது. அண்ணி டேப்பை எடுத்துவிட்டார்! அவருடைய நாற்காலி பக்கத்துச் சக்கரங்களோடு சேர்த்து 26 அங்குலம். தாராளமாகப் போயிற்று.

ரயிலின் தரையும் பிளாட்பாரமும் ஏறக்குறைய ஒரே மட்டம். நடுவில் சின்ன இடைவெளி உண்டு. நாற்காலியின் முன்சக்கரம் சின்னது அல்லவா, நேராக விட்டால் அதில் சிக்கக் கூடும். பின்பக்கமாகத் திருப்பி, பெரிய சக்கரத்தை முதலில் உள்ளே ஏற்றினால் பயமில்லை. உள்ளே நாற்காலி நிறுத்துவதற்கென்றே இடம் விட்டிருக்கிறார்கள். அங்கே நிறுத்தி, இரண்டு பக்கமும் பிரேக் போட்டுவிட வேண்டும். சென்ட்ரலில் இறங்கி, லிப்டிலேயே மாடி மாறி, அடுத்த ரயில் பிடித்து, ஒரே ஸ்டேஷனில் அரசினர் தோட்டம். பூமிக்கு அடியில் இருக்கும் ஸ்டேஷன்களில் பிளாட்பார ஓரம் முழுவதும் கண்ணாடித் தடுப்பு. ரயில் வந்து நின்ற பிறகுதான் கதவு திறக்கிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இது எத்தனை நிம்மதி!

தரையில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாக ஓடுகள் பதித்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது பார்வையில்லாதவர்களுக்கான வழிகாட்டி. நீள நீளக் கோடாக இருந்தால் 'நேரே நட' என்று அர்த்தம். வட்டப் புள்ளிகளாக இருந்தால் 'நில், கவனி' என்று அர்த்தம். படியோ, திருப்பமோ, பிளாட்பார விளிம்போ வருகிறது. ஜப்பானில் செய்ச்சி மியாகே என்பவர் 1965-ல் யோசித்துக் கண்டுபிடித்தது இது. 1967-ல் ஒகாயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் முதலில் பதித்தார்களாம். அன்றைக்கு எங்கள் எதிரே ஒரு கல்லூரிப் பையன் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு அந்த ஓடுகளின் மேலேயே விறுவிறுவென்று நடந்து போனான். யாரோ ஒருவர் அதன்மேல் பெரிய சூட்கேஸை வைத்துக்கொண்டு செல்போன் பேசிக்கொண்டிருந்தார். "சார், அந்தத் தம்பிக்கு அதுதான் ரோடு, கொஞ்சம் நகர்த்துங்க" என்று அண்ணிதான் குரல் கொடுத்தார். ஐந்து வருஷம் வாசல் தாண்டாதவர்!

கடலுக்கு ஒரு பாதை

அரசினர் தோட்டத்திலிருந்து ஆட்டோ. நாற்காலியை மடித்துப் பின்னால் வைத்து, அண்ணி தானே கம்பியைப் பிடித்து நகர்ந்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டார். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே இறங்கினோம்.

இந்த இல்லத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1842-ல் கட்டியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேர்த்து வைக்கத்தான்! அதனால்தான் இன்றும் அந்தப் பக்கத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்று பெயர். 1897-ல் விவேகானந்தர் இங்கே ஒன்பது நாள் தங்கினார். அந்தக் காலத்தில் கடல் இவ்வளவு தள்ளி இல்லை. துறைமுகம் கட்டிய பிறகு, அலை கொண்டு வந்த மணல் அதன் தெற்கே ஒதுங்கி ஒதுங்கி, மெரினா இத்தனை அகலமாகிவிட்டது. நமக்கெல்லாம் அந்த மணல்வெளிதான் அழகு. சக்கர நாற்காலிக்கோ அது பாலைவனம். மெல்லிய சக்கரம் இரண்டு அடி போவதற்குள் புதைந்துவிடும். அதனால் அண்ணி மாதிரி எத்தனையோ பேர் ரோட்டோரத்தில் நின்று, தூரத்து நீலக்கோட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

முன்பெல்லாம் டிசம்பர் 3, மாற்றுத் திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்கு மட்டும் தற்காலிகமாகப் பாதை போடுவார்கள். நிரந்தரமாக வேண்டும் என்று சங்கங்கள் கேட்டுக் கேட்டு, 2022 நவம்பர் 27-ல் மரத்தால் ஆன பாதை திறந்தார்கள். நீளம் 263 மீட்டர், அகலம் 3 மீட்டர். அண்ணியின் கணக்கில் சொன்னால் குறுக்கே ஏறக்குறைய இரண்டு டேப்! எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி தாராளமாகப் போகலாம். இரு பக்கமும் கைப்பிடி. திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9-ந் தேதி இரவு மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்து முனையைப் பெயர்த்துவிட்டது. பிறகு செப்பனிட்டார்கள்.

சக்கரம் பலகை மேல் 'தடதட'வென்று ஓடியது. கொஞ்ச தூரம் அண்ணியே தள்ளிக்கொண்டு போனார். தோள் வலி எடுத்ததும் என் மகள் பின்னால் வந்து பிடித்தாள். "தள்ளட்டுமா அத்தை?" என்று கேட்டுவிட்டுத்தான் பிடித்தாள். "தள்ளு, தள்ளு. தள்ளறது வேற, தூக்கறது வேற" என்றார் அண்ணி. நான் அந்த வார்த்தையை இன்னும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தள்ளும்போது அவர் இஷ்டப்பட்ட பக்கம் திரும்பலாம், 'நில்லு' என்றால் நிற்கும். தூக்கும்போது அவர் ஒரு மூட்டை.

நடுவே நாலைந்து இளவட்டங்கள் பாதையை அடைத்து உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சைக்கிள் வேறு. "தம்பிகளா, கொஞ்சம் வழி" என்றதும் மரியாதையாக எழுந்துவிட்டார்கள். மனசில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. யாருக்காகப் போட்ட பாதை என்ற நினைப்பு இல்லை, அவ்வளவுதான்.

பாதை முடிகிற இடத்தில் மேடை. தண்ணீர் அதற்கும் சற்றுத் தள்ளித்தான். காலை நனைக்க முடியாது. ஆனால் அலை எழும்பி உடைவதை எதிரே உட்கார்ந்து பார்க்கலாம். சாரல் முகத்தில் அடிக்கும். அண்ணி பத்து நிமிஷம் ஒன்றுமே பேசவில்லை. இவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "உப்புக் காத்து ஒத்துக்கலை" என்றார். அண்ணி திரும்பிப் பார்த்து, "உப்புக் காத்து இருக்கட்டும், சுண்டல்காரனைக் கூப்பிடு" என்றார். தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் இரண்டு பொட்டலம் அவரே தீர்த்தார்.

ஒன்றுக்குப் பன்னிரண்டு

மறுநாள் கல்யாணப் புடவைக்காக ஒரு பெரிய கடைக்குப் போனோம். வாசலில் இரண்டு படி. பக்கத்திலேயே சாய்தளமும் இருந்தது. அப்பாடா என்று நான் தள்ளப் போனேன். அண்ணி கையைக் காட்டி நிறுத்தி, டேப்பைப் போட்டார். படியின் மொத்த உயரம் 14 அங்குலம். சாய்தளத்தின் நீளம் நாலு அடி! "இது பைக் ஏத்தறதுக்குப் போட்டது. மனுஷங்களுக்கு இல்லை" என்றார்.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். அரசாங்கம் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் இருப்பதும் இதுதான். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி சாய்தளம். அந்தக் கடையின் 14 அங்குலத்துக்கு 14 அடி வேண்டும். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் ஏறும்போது நாற்காலி பின்னால் கவிழும், இறங்கும்போது ஆளை முன்னால் தள்ளும். வாசலில் இருந்த காவலாளி நல்ல மனிதர்தான், "தூக்கிடட்டுமாம்மா?" என்றார். "வேணாம்ப்பா, நாங்க வேற கடை பார்த்துக்கறோம்" என்று திரும்பிவிட்டோம். எதிர்சாரியில் வாசல் சமமாக இருந்த சின்னக் கடையில்தான் முகூர்த்தப் புடவையே எடுத்தோம். பெரிய கடைக்கு எங்கள் வியாபாரம் போயிற்று!

அன்று பஸ் ஸ்டாப்பில் தாழ்தளப் பஸ் ஒன்றும் பார்த்தோம். 2024 ஆகஸ்டிலிருந்து மாநகரப் பேருந்துகளில் இவை ஓடுகின்றன. தரை 400 மில்லிமீட்டர், அதாவது சுமார் 16 அங்குல உயரத்தில்தான். நிற்கும்போது ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கிறது. நடுக் கதவில் பலகையை விரித்தால் நாற்காலி உருண்டு ஏறலாம். பஸ் நல்ல பஸ். ஆனால் ஸ்டாப்பை அடைத்து வண்டிகள் நின்றால், அது நடைபாதை ஓரம் வர முடியாமல் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான். அப்புறம் அந்தப் பலகை எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

என் மகள் இதை எல்லாம் எனக்கு விளக்கினாள். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 2017 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பார்வை, செவித்திறன், கை கால், மனவளர்ச்சி என்று 21 வகைக் குறைபாடுகளை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பொதுமக்கள் வந்து போகும் கட்டிடம் புதிதாகக் கட்டினால், அவர்கள் வந்து போக வசதி இல்லாமல் கட்டி முடித்த சான்றிதழ் தரக் கூடாது. பழைய பொதுக் கட்டிடங்களை, விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் மாற்றியிருக்க வேண்டும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022-லேயே முடிந்துவிட்டது! சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. புகார் கொடுக்க மாநில ஆணையர் இருக்கிறார்.

பார்வையில்லாத ஒருவர் 2005-ல் தொடுத்த வழக்கில், 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான விஷயம் சொன்னது. 'முடிந்தால் செய்யுங்கள்' என்பது போல விதி எழுதினால் போதாது, செய்தே தீர வேண்டிய விதிகள் வேண்டும் என்றது. ஆக, சாய்தளம் கேட்பது தர்மம் கேட்பது அல்ல, சகோதரிகளே. ரேஷன் அரிசி போல அது உரிமை.

2011 மக்கள் தொகைக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் மாற்றுத் திறனாளிகள். மூட்டு வலிக்கார மாமியார், பிள்ளைத்தாய்ச்சி, கைக்குழந்தை வண்டி தள்ளுகிறவள், கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர் எல்லாரையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். படி இல்லாத வாசல் யாருக்குத்தான் வேண்டாம்?

பெண்களுக்கு ஒரு வார்த்தை

இதை எழுதக் கூச்சப்படவில்லை. வெளியே கிளம்புகிற நாளில் அண்ணி முதல் நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். ஏன் தெரியுமா? போகிற இடத்தில் கழிவறைக்குள் நாற்காலி நுழையாது. பல ஓட்டல்களில் குளியலறைக் கதவு 24 அங்குலம்தான். 26 அங்குல நாற்காலி எப்படிப் போகும்? இப்படித் தண்ணீர் குடிக்காமலும் அடக்கிக்கொண்டும் இருந்தால் நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் வரும். இது ஆயிரக்கணக்கான பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத அவஸ்தை. கதவு 3 அடி அகலம், வெளிப்பக்கம் திறக்கிற கதவு, உள்ளே நாற்காலி திரும்ப 5 அடி இடம், பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி. இவ்வளவுதான் கேட்கிறார்கள். மெட்ரோ ஸ்டேஷனில் இப்படி ஒரு கழிவறை இருந்ததால்தான் அண்ணி அன்று இளநீர்கூடக் குடித்தார்.

மண்டபம் பார்த்தோம்

ஊர் திரும்பியதும் அண்ணியே சொன்னார்: "மண்டபம் பார்க்க நானும் வரேன்." மூன்று மண்டபம் பார்த்தோம். முதலாவதுக்கு வாசலிலேயே ஒன்பது படி. இரண்டாவதில் கல்யாணக் கூடம் தரையில், சாப்பாட்டுக் கூடம் மாடியில், லிப்ட் இல்லை. மூன்றாவதில் இரண்டு கூடமும் தரைத்தளம்தான், ஆனால் மணமேடை இரண்டரை அடி. சாய்தளம் போட்டால் 30 அடி நீளம் வேண்டும், பாதிக் கூடம் போய்விடும். மண்டபக்காரர் தலையைச் சொறிந்தார். அண்ணி டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "மேடையை யார் இவ்வளவு உசரமா போடச் சொன்னது? அதுக்கு முன்னாடி ஒரு அடி உசரத்துல மரமேடை போட்டுக்கலாமே. பன்னிரண்டு அடியில பலகை சாய்ச்சா முடிஞ்சுது" என்றார். பந்தல் அலங்காரக்காரர் உடனே சரி என்றார். கூடுதல் செலவு நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. அண்ணி இப்போது தமக்கே ஒரு பட்டு ரவிக்கை வெட்டிக்கொண்டிருக்கிறார்!

நினைவில் வைக்கச் சில குறிப்புகள்

1. உதவும் முன் கேளுங்கள். சக்கர நாற்காலியைக் கேட்காமல் பிடித்துத் தள்ளாதீர்கள்.

2. பார்வையில்லாதவரின் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடந்து, படி வந்தால் சொல்லுங்கள்.

3. செங்குத்தான சாய்தளத்தில் நாற்காலியை இறக்க நேர்ந்தால், பின்பக்கமாகத் திருப்பி மெதுவாக இறக்குங்கள். நின்ற இடத்தில் எல்லாம் பிரேக் போடுங்கள்.

4. முதுகுத்தண்டு அடிபட்டு உணர்ச்சி இல்லாதவர்களுக்கு, வெயிலில் காய்ந்த இரும்புக் கம்பி சுட்டாலும் தெரியாது. துணி சுற்றி வையுங்கள். அரைமணிக்கு ஒரு தடவை உடம்பைச் சற்று நகர்த்தி உட்காரச் சொல்லுங்கள், படுக்கைப்புண் வராது.

5. தங்குமிடம் பதியும்போது "வசதி இருக்கா?" என்று கேட்காதீர்கள், "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "வாசலில் எத்தனை படி? குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்?" என்று கேளுங்கள்.

6. தீ பிடித்தால் லிப்டில் ஏறக் கூடாது. ஆகவே மாடியில் அறை கொடுத்தால், தரைத்தளத்தில் மாற்றித் தரக் கேளுங்கள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிறீர்களா? ஏ.சி. உண்டா, பந்தியில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்கிற அதே வாயால், "சக்கர நாற்காலி மேடை வரைக்கும் போகுமா?" என்றும் கேட்டு வையுங்கள். உங்கள் வீட்டில் இப்போதைக்கு யாருக்கும் தேவைப்படாமல் இருக்கலாம். பத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், பதினோராவது வீட்டு அத்தைக்கு அங்கே சாய்தளம் தயாராக இருக்கும்.